சம்மன் வந்தாச்சு, வக்கீலுக்குப் பணம் இல்லை – பதில்

சகோதரி, கணவர் சென்னைக் குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட, சம்மன் திருநெல்வேலியில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறது, கைக்குழந்தையோடு வருமானம் இல்லாமல் இருக்கிறேன் என்கிறீர்கள். முதலில் சம்மனில் உள்ள வாய்தா தேதியைப் பாருங்கள். அன்று உங்கள் பக்கம் யாரும் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிடுவார்கள், அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கை நடத்தி முடிவு சொல்லிவிடுவார்கள். அதை நீக்க வைப்பது பெரிய அலைச்சல்.

நாளைக்கே உங்கள் ஊர் கோர்ட் வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, இலவசமாக வக்கீல் கிடைப்பார். சம்மன், மனு நகல், திருமணப் பதிவுச் சான்று அல்லது பத்திரிகை, ஆதார் எடுத்துப் போங்கள். போகுமுன் விவரம் கேட்க 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

வக்கீலிடம் இரண்டு கேளுங்கள். ஒன்று, வழக்கை திருநெல்வேலிக்கு மாற்ற உயர் நீதிமன்றத்தில் மனு. கைக்குழந்தை இருப்பது நல்ல காரணம். இன்னொன்று, இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும்.

‘மியூச்சுவல்ல கையெழுத்துப் போடும்மா, சீக்கிரம் முடிஞ்சிரும்’ என்று மாமனார் அவசரப்படுத்துவதுதான் எனக்கு உறுத்துகிறது. பரஸ்பர சம்மதம் கெட்ட வழியில்லை. ஆனால் உங்கள் நகை, குழந்தையின் செலவு, யாரிடம் வளரும் என்பதெல்லாம் எழுத்தில் வராமல் போடாதீர்கள். வெற்று முத்திரைத்தாள் நீட்டினால் கதவைச் சாத்திவிடுங்கள்.

வாய்தா என்றைக்கு என்று எழுதுங்கள்.