ராஜாவுக்கு அரிக்குதா?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு ஊர் அருப்புக்கோட்டை. மெக்கானிக்கல் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. சின்ன வயசுல இருந்தே கேரக்டர் அனிமேஷன் பண்ணணும்னு ஆசை. யூட்யூப் பாத்து ப்ளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர் கத்துக்கிட்டேன், இப்ப மாயாங்கற இன்னொண்ணும் ஓரளவு வரும். சென்னைல ஒரு இன்ஸ்டிட்யூட்ல மூணரை லட்சம் ஃபீஸ் சொல்றாங்க, ப்ளேஸ்மென்ட் கேரண்டிங்கறாங்க. அப்பா நகைய வெச்சுக் கட்டிடலாம்ங்கறார். சேரலாமா? மாயாவா ப்ளெண்டரா, எதுல போறது நல்லது? 2025 பிப்ரவரில டெக்னிகலர்ங்கற பெரிய ஸ்டுடியோ மூடி பெங்களூர்ல அத்தனை பேர் ரோட்டுக்கு வந்தாங்க, ஏஐ வேற வந்துருச்சு, இந்த ஃபீல்டுக்கு ஃப்யூச்சர் இருக்கா? நான் செஞ்ச ஷாட்டெல்லாம் கோத்த ஷோரீல் லிங்க் அனுப்பிருக்கேன், 2 நிமிஷம் 40 செகண்ட். இதுல கேரக்டர் ஒரு செகண்ட் கூட சும்மா நிக்காது அக்கா, ஃபுல் எனர்ஜி. பாத்துட்டு உண்மையச் சொல்லுங்க. பேர் போட வேண்டாம்.

தம்பி,

உண்மையச் சொல்லுங்கன்னு கேக்கறவங்க யாரும் உண்மைக்காகக் கேக்கறதில்ல, அது எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் கேட்டுட்டுத் திரிஞ்சேன். இருந்தாலும் சொல்றேன், ஏன்னா நீ கடைசில எழுதின ஒரு வரில நான் மாட்டிக்கிட்டேன். கேரக்டர் ஒரு செகண்ட் கூட சும்மா நிக்காது. இத நீ பெருமையா எழுதிருக்க பாரு, அங்கதான்.

மொதல்ல சின்னதெல்லாம் முடிச்சிடறேன். மாயாவா ப்ளெண்டரா, இது கேள்வியே இல்ல. பெரிய ஸ்டுடியோல மாயா கேப்பாங்க, அதனால அது தெரிஞ்சிருக்கட்டும், அவ்ளோதான். ப்ளெண்டர்ல செஞ்ச லாட்வியாக்காரர் படம், ‘ஃப்ளோ’, அந்தப் பூனை வெள்ளத்துல போகுமே, 2025ல ஆஸ்கர் வாங்கிடுச்சு. எந்தப் பேனால எழுதினா நல்ல கதை வரும்னு யாராவது என்கிட்ட கேட்டா எனக்கு வர்ற கோபம்தான் இதுக்கும் வருது. ஏஐ வேற வந்துருச்சுங்கற, அதத் தாண்டிப் போறேன். ரெண்டு போஸ் குடுத்தா நடுவுல இருக்கற எல்லா ஃப்ரேமையும், அதாவது ஒவ்வொரு படத்தையும், தானா போட்டுக் குடுக்கறதுதான் கம்ப்யூட்டர் அனிமேஷன், அது பொறந்த நாள்லேந்து அப்படித்தான், நம்ம வேலையே அது போட்டுக் குடுக்கறத நம்பாம இருக்கறதுதான்.

ஷோரீலுக்கு வரேன். முதல் 22 செகண்ட் உன் பேர் தீப்பிடிச்சு எரிஞ்சு, வெடிச்சு, திரும்பச் சேருது. எதுக்குப்பா? ரீல் பாத்து ஆள் எடுக்கறவன் காலைல காபியோட நாப்பது ரீல் பாக்கறவன், அவன் எட்டாவது செகண்ட்லயே அடுத்ததுக்குப் போயிடுவான். பின்னால சினிமாப் பாட்டு வேற. ஃப்ரெஷர் ரீல்னா ஒரு நிமிஷத்துக்குள்ள இருக்கணும், உன்கிட்ட இருக்கறதுலயே நல்ல ஷாட் முதல்ல வரணும், சுமாரானத தூக்கிப் போட்டுடணும், ஏன்னா அவன் ஞாபகம் வெச்சுக்கப் போறது அந்தச் சுமாரானதத்தான். உன் வாக் சைக்கிள், அந்த நடை, நல்லா இருக்கு, இடுப்பு ஏறி இறங்கறது சரியா இருக்கு, எடை தெரியுது, இத நான் சும்மா சொல்லல. ஆனா அந்தப் பையன் நடந்து வந்து அம்மா முன்னாடி நின்னு திட்டு வாங்கறான் இல்லயா, அந்த ஷாட். அதுல தோள தூக்கறான், தலைய சொறியறான், இந்தப் பக்கம் சாயறான், அந்தப் பக்கம் சாயறான், புருவம் ஏறி இறங்குது, கை எங்க போறதுன்னு தெரியாம ஊருக்கெல்லாம் போயிட்டு வருது. திட்டு வாங்கற பையன் அப்படியாடா இருப்பான்? நீ வாங்கினதே இல்லயா?

இதையேதான் நான் அனிமேட்டரா இருந்தப்ப எங்க லீட், டீமுக்குத் தலைவர், என்கிட்ட கேட்டார், 2002ல.

சென்னைல அப்ப அனிமேஷன் ஜுரம். பெண்டாமீடியாங்கற சென்னைக் கம்பெனில செஞ்ச சிந்துபாத் படம் 2000ல வந்திருந்துது, நடிகர்கள் உடம்புல மார்க்கர் ஒட்டி மோஷன் கேப்சர்ல எடுத்த முழு நீளப் படம், நம்ம ஊர்ல இப்படி ஒண்ணான்னு எல்லாரும் வாயப் பொளந்தோம். எனக்கு அங்கெல்லாம் இடம் கிடைக்கல. வடபழனி பக்கம் ஒரு மாடி, கீழ ஜெராக்ஸ் கடை, மேல பன்னண்டு கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஏசி, அந்த ஏசியும் எங்களுக்கில்ல, மெஷினுக்கு. பேர் வேண்டாம். மாசம் 4,500 ரூபா. பொண்ணு ராத்திரி ஷிஃப்ட் பாக்கறாளான்னு வீட்ல ஒரே சண்டை, எங்கம்மா ஒரு மாசம் பேசல, அது வேற கதை.

ஒரு புராணப் படம். எனக்குக் குடுத்த ஷாட் 110 ஃப்ரேம், நாலரை செகண்ட் வரும். கிழட்டு ராஜா சிம்மாசனத்துல உக்காந்திருக்கார், போர்லேந்து வந்த தூதுவன் பிள்ளை செத்த சேதி சொல்றான். குரல் மட்டும்தான், ஆள் ஃப்ரேம்ல இல்ல. ராஜா கேக்கறார். அவ்ளோதான் ஷாட். டயலாக் கிடையாது.

நான் என்ன பண்ணேன்னா, மூணு நாள் ராப்பகலா உக்காந்து அந்த ராஜாவ நடிக்க வெச்சேன். நெஞ்சப் பிடிச்சார், தலைய ஆட்டினார், சிம்மாசனத்துலேந்து பாதி எழுந்து திரும்ப உக்காந்தார், தாடி ஆடிச்சு, கிரீடம் லேசா சாஞ்சுது (அந்தக் கிரீடத்துக்கு மட்டும் ஒரு நாள் ஆச்சு). டெய்லீஸ்ல, அதான் அன்னன்னிக்குச் செஞ்சத எல்லாரும் உக்காந்து பாக்கற நேரம், ப்ளேபிளாஸ்ட் ஓடிச்சு, ஷாட்டோட கச்சா வீடியோ. லீட் ரெண்டு தடவை பாத்தார். திரும்பி என்னப் பாத்து, ரொம்ப அன்பா, "ஏம்மா, உன் ராஜாவுக்கு அரிக்குதா?"ன்னார்.

பன்னண்டு பேரும் சிரிச்சாங்க. பாத்ரூம்ல போய் அழுதேன். அப்புறம் வீம்புக்கு வந்து எல்லா கீயையும், நான் வெச்ச போஸ் எல்லாத்தையும், அழிச்சிட்டு ஒரே ஒரு போஸ் வெச்சேன், முதல் ஃப்ரேம்லயும் 110வது ஃப்ரேம்லயும் அதே போஸ். போட்டுக் காமிச்சேன். "இப்ப பொணம்"னார்.

இங்கதான் விஷயம் இருக்கு தம்பி, கொஞ்சம் பொறுமையா கேளு. கையால வரையற படத்துல ஒரு டிராயிங்க அப்படியே பன்னண்டு ஃப்ரேம் நிறுத்தலாம், கண்ணு ஒத்துக்கும். ஜப்பான் டிவி அனிமேஷன் பாதி அதுலதான் வண்டி ஓட்டிச்சு. கம்ப்யூட்டர்ல முடியாது. பிக்ஸார்ல இருந்த ஜான் லாசட்டர் 1987லயே ஒரு கட்டுரைல இத எழுதிட்டார், பழைய டிஸ்னி விதிகள கம்ப்யூட்டருக்கு எப்படிக் கொண்டு வர்றதுன்னு, அதுல சொல்றார், 3டி உருவம் முழுசா நின்ன அந்த நொடி ஆக்ஷன் செத்துடும்னு. ஏன்னா அதுக்கு வெளிச்சம் இருக்கு, நிழல் இருக்கு, தோல் இருக்கு, நிஜம் மாதிரியே இருக்கு, நிஜம் மாதிரி இருக்கறது அசையாம நின்னா நமக்குப் பொம்மைன்னு தெரிஞ்சிடுது. அதனால நிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது. மூவிங் ஹோல்டுன்னு பேரு. லீட் அந்தக் கட்டுரையோட ஜெராக்ஸ ட்ராயர்லேந்து எடுத்துக் குடுத்தார், ஓரமெல்லாம் டீக் கறை.

உன் வீடியோ வாத்தியாருங்க அனிமேஷனோட 12 விதி ஒப்பிக்கறாங்க இல்லயா, டிஸ்னில இருந்த ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981ல எழுதினது, அதுல ‘நிக்கறது’ன்னு தனியா ஒரு விதி கிடையாது. அதனால யாரும் அத ஒரு பாடமா எடுக்கறதில்ல. பந்து குதிக்குது, வால் ஆடுது, மாவு மூட்டை தாவுது, எல்லாம் அசையறது. சும்மா இரு சொல்லறன்னு அருணகிரிநாதர் பாடினத நம்மாளு யாராவது பதிமூணாவது விதியா சேத்திருக்கலாம்.

எப்படிப் பண்றது? போஸுக்கு வந்து சேரறப்ப எல்லாம் ஒரே ஃப்ரேம்ல வந்து சேரக் கூடாது. இடுப்பு முதல்ல வந்து உக்காரட்டும், நெஞ்சு மூணு நாலு ஃப்ரேம் கழிச்சு, தலை அதுக்கப்புறம், கை கடைசில. வந்தப்புறம் அதே போஸ திரும்ப ஒட்டாத, எந்தப் பக்கம் போயிட்டிருந்துதோ அந்தப் பக்கமே இன்னும் ஒரு நூல் தள்ளி அடுத்த கீய வை, முப்பது ஃப்ரேம் கழிச்சு. பாக்கறவனுக்கு அசைவு தெரியாது, உயிர் தெரியும். கண்ணு வழுக்கக் கூடாது, உன் பையனுக்கு கோலிக்குண்டு மாதிரி உருளுது, மனுஷக் கண்ணு ஒரு எடத்துலேந்து இன்னொரு எடத்துக்கு ஒரு ஃப்ரேம் ரெண்டு ஃப்ரேம்ல தாவிடும், தாவி அங்க நிக்கும். இமை மூட ரெண்டு ஃப்ரேம், தெறக்க மூணு. ஆனா எப்ப மூடும்ங்கறதுதான் நடிப்பு. நெனப்பு மாறறப்ப மூடும். நீ பதினஞ்சு ஃப்ரேமுக்கு ஒருதடவ மூட வெச்சிருக்க, தூசி விழுந்தவன் மாதிரி இருக்கான்.

இதெல்லாம் சொல்லிட்டு லீட் என்ன கம்ப்யூட்டர்லேந்து எழுப்பி விட்டுட்டார். "போய் சும்மா உக்காந்திருக்கறவங்கள வேடிக்கை பாத்துட்டு வா." கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் அப்பதான் தெறந்திருந்தாங்க, எல்லாம் புதுசு. அங்க போய் திருவண்ணாமலை பஸ் நிக்கற பக்கம் மூணு மணி நேரம் உக்காந்தேன், ஒரு நோட்டோட. ஒரு பொம்பள தனியா நோட்டு வெச்சுக்கிட்டு ஆம்பளைங்கள மொறச்சு மொறச்சுப் பாத்தா என்ன நெனப்பாங்க, அதையெல்லாம் அப்ப யோசிக்கல. ஒரு பெரியவர். அம்பத்தஞ்சு அறுவது இருக்கும், காலுக்கு நடுவுல ஒரு உர மூட்டைப் பை, உள்ள என்னன்னு தெரியல. ஒவ்வொரு பஸ் உள்ள வர்றப்பவும் அவர் கண்ணு போகும், அப்புறம் முகவாய் மட்டும் கொஞ்சம் போகும், உடம்பு போகவே போகாது. அவர் பஸ் இல்லன்னு தெரிஞ்சா கண்ணு திரும்பும், முகவாய் கொஞ்ச நேரம் அங்கயே இருக்கும், மறந்து போன மாதிரி. அவரோட பஸ் வந்துச்சு. போர்ட படிச்சிட்டே இருக்கார், இன்னும் முழுசா படிக்கல, ஆனா அதுக்குள்ள கை போய் மூட்டைக் கழுத்தப் பிடிச்சிடுச்சு. மனசுக்கு முன்னாடி கைக்குத் தெரிஞ்சுது.

திரும்ப வந்து ராஜாவ செஞ்சேன். 70 ஃப்ரேம் வரைக்கும் ஒண்ணுமில்ல, மூச்சு மட்டும். கண்ணு தூதுவன் மேல. 71ல, அந்த வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே, வலது கை விரல் நாலும் சிம்மாசனக் கைப்பிடிய அழுத்துது. வார்த்தை வருது. ஒரு இமை. மூச்சு வெளில போகுது, திரும்ப உள்ள வரல, ஷாட் கட். லீட் பாத்தார். "அடுத்த ஷாட் எடு"ன்னார். இன்னி வரைக்கும் என் வாழ்க்கைல வாங்கின பெரிய பாராட்டு அதுதான், நாலு புஸ்தகம் எழுதினப்புறமும்.

அந்தப் படம் வரல. ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி, ஒருநாள் காலைல போனா பூட்டு. ராஜா எந்த ஹார்ட் டிஸ்க்ல போனார்னு தெரியாது, என்கிட்ட ஒரு காப்பி கூட இல்ல. ஃப்யூச்சர் இருக்கான்னு கேட்டியே, அதுக்காகத்தான் இதச் சொல்றேன். இந்த வேலைல நல்லா செய்யறதுக்கும் வேலை நிலைக்கறதுக்கும் சம்பந்தமே இருந்ததில்ல. பாண்டிச்சேரில ஆரம்பிக்குமே அந்தப் புலிப் படம், லைஃப் ஆஃப் பை, கடைசில புலி கரையேறி காட்டு ஓரத்துல போய் நிக்கும். திரும்பிப் பாக்கும்னு நாம காத்திருப்போம். பாக்காது. அந்த நிக்கறது இருக்கே, நான் எத்தன தடவ நிறுத்தி நிறுத்திப் பாத்திருப்பேன்னு கணக்கில்ல. புலியச் செஞ்ச ரிதம் அண்ட் ஹ்யூஸ் 2013 பிப்ரவரில திவாலாச்சு, ரெண்டு வாரம் கழிச்சு அதே புலிக்கு ஆஸ்கர், மேடைல அந்தக் கஷ்டத்தச் சொல்ல வாயெடுத்தவர சுறாப் பட மியூசிக் போட்டு அனுப்பிட்டாங்க, வெளில ஆர்டிஸ்டுங்க போராட்டம். மும்பைலயும் ஹைதராபாத்லயும் அவங்களுக்கு ஆள் இருந்தாங்க. நீ சொல்ற டெக்னிகலர் கதை புதுசு இல்ல. ஷாட்டெல்லாம் எங்க கூலி கம்மியோ, எங்க அரசாங்கம் மானியம் குடுக்குதோ அங்க போயிட்டே இருக்கும், ஆளுங்க பின்னாலயே ஓடுவாங்க. என்கூட இருந்த பன்னண்டு பேர்ல ரெண்டு பேர் வான்கூவர்ல இருக்காங்க, ஒருத்தன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கான், நல்லா இருக்கான். நான் எழுத வந்துட்டேன்.

மூணரை லட்சம் பத்திக் கேட்டத மறந்தே போயிட்டேன் பாரு. அப்பா நகைய வெக்க வேண்டாம். வாக் சைக்கிள் உனக்கே வந்துடுச்சு, அதத்தான் அவங்க ஆறு மாசம் சொல்லிக் குடுப்பாங்க. ப்ளேஸ்மென்ட் கேரண்டின்னு எவன் சொன்னாலும் போன பேட்ச் பசங்க நாலு பேர் நம்பர் வாங்கி நீயே பேசு. யாராவது ஷாட்ட வரிவரியா திருத்தித் தர்ற ஆள் கிடைச்சா அதுக்கு மட்டும் காசு குடு, அது தேவை, எனக்கு ஒரு லீட் இருந்தார்.

இப்போதைக்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போ. ஃபோன வீட்லயே வெச்சிட்டுப் போ, வீடியோ எடுக்காத, பாரு. வந்து ஒரே ஒரு ஷாட் பண்ணு, ஆள் பஸ்ஸுக்குக் காத்திருக்கார், அஞ்சு செகண்ட், பஸ் வரல. எனக்கு அனுப்பு. பேர் தீப்பிடிச்சு எரிஞ்சா தெறக்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா