முற்றிய மலக்குடல் புற்றுநோய்: நாகர்கோவில் பக்கம் இருப்பவர் மருத்துவ ஆய்வில் சேர்வது எப்படி?

மருத்துவ ஆய்வு என்பது, புதிய சிகிச்சை இப்போதுள்ளதைவிட நல்ல பலன் தருகிறதா என்று, சம்மதித்த நோயாளிகளிடம் கண்காணிப்புடன் சோதித்துப் பார்ப்பதாகும். குலசேகரம் பக்கத்தில் புதிய ரப்பர் ரகத்தைப் பழைய ரகத்தோடு ஒரே தோட்டத்தில் நட்டுப் பாலை அளந்தால்தான், கூடுதல் பால் ரகத்தாலா மண்ணாலா என்பது தெரியும்; நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்குவதும் அதற்காகவே.

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) சிடிஆர்ஐ (CTRI) என்ற மருத்துவ ஆய்வு இணையப் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடலாம். எந்த மருத்துவமனை, ஆள் சேர்ப்பு நடக்கிறதா, யார் சேரலாம், யாரைத் தொடர்புகொள்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையம் நமக்குச் சென்னையைவிட அருகில் என்பதால், கேரளத்தையும் சேர்த்தே தேடுங்கள்.

பயாப்ஸி, எம்ஆர்ஐ, எம்எஸ்ஐ (கட்டியின் செல்களில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் திறன் கெட்டுள்ளதா என்று பார்ப்பது) சோதனை முடிவுகளைக் கையில் வைத்திருங்கள். 2022இல் நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்தின் ஆய்வில் சிகிச்சையை முடித்த முதல் 12 பேருக்கும் கட்டி மறைந்தது. ஆனால் அவர்கள் அனைவரும் எம்எஸ்ஐ சோதனை காட்டும் அரிய வகைக் கட்டி உள்ளவர்கள். பல ஆய்வுகள் கதிர்வீச்சோ கீமோவோ தொடங்காதவர்களையே ஏற்பதால், முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்பது முக்கியம். பலர் தவறவிடுவது இதைத்தான்.

ஆய்வில் சேர்ந்தால் வெறும் சர்க்கரை மாத்திரைதான் கிடைக்கும் என்பது தவறு: பலன் தரும் சிகிச்சை உள்ள நோயில் ஒப்பீட்டுப் பிரிவினருக்கு அந்த வழக்கமான சிகிச்சையே அளிக்கப்படும், விரும்பினால் எப்போதும் விலகலாம்.