விண்டர் பைக் ஃப்ரேம்: 70 பவுண்டு வித்தியாசம் 340 ஆன கதை

கேள்வி: சார், நான் இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கேன், ஐடி வேலை, சம்பளம் வருஷத்துக்கு 46,000 பவுண்டு. ஒரு கார்பன் டிஸ்க் பிரேக் ரோடு பைக் வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை க்ளப்போட ஓட்டுவேன். நவம்பர் ஆனா எல்லாரும் மட்கார்டு போட்ட வேற ஒரு விண்டர் பைக்ல வர்றாங்க, நான் மட்டும்தான் பின்னாடி வர்றவங்க மூஞ்சில சேத்த அடிச்சிட்டு போறேன். பழைய பைக்கோட ஃப்ரேம் க்ராக் ஆயிடுச்சு, ஆனா அதோட ஷிமானோ 105 பதினொரு ஸ்பீடு கியர் பார்ட்ஸ், ரிம் பிரேக் (சக்கர விளிம்ப அமுக்கற பிரேக்), வீல், ஹேண்டில்பார் எல்லாம் ஷெட்ல கிடக்கு. 280 பவுண்டுக்கு அலுமினியம் ரிம் பிரேக் ஃப்ரேம் ஒண்ணு பாத்தேன், 350க்கு ஸ்டீல் டிஸ்க் ஃப்ரேம் ஒண்ணு, ரொம்ப அழகு. 70 பவுண்டுதானே வித்தியாசம்? இல்ல ஆபீஸ் சைக்கிள் டு வொர்க் ஸ்கீம்ல (வரி பிடிக்கறதுக்கு முன்னாடியே சம்பளத்துல கழிச்சு பைக் குடுக்கற ஏற்பாடு) 1,200 பவுண்டுக்கு முழு பைக்கே எடுத்துடலாமா? வாரத்துல ஒரு நாள்தான் ஆபீஸ், அதுவும் ட்ரெயின்ல. கைல 600 இருக்கு, மாசம் 200 மிச்சமாகும். கிரெடிட் கார்டுல 900 பாக்கி, பிப்ரவரி கடைசி வரைக்கும் 0%, அப்புறம் 24.9%.

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், விண்டர் பைக் வேணுமான்னு கேக்காம எது வாங்கறதுன்னு கேட்டீங்க பாருங்க, அதுலயே நீங்க ஏற்கனவே முடிவு பண்ணிட்டீங்கன்னு தெரியுது. பரவால்ல, அது தப்பான முடிவும் இல்ல. இங்க கவுன்சில்காரங்க அக்டோபர்லேந்து ஏப்ரல் வரைக்கும் ராத்திரில உப்பு கொட்டுவாங்க, ஒரு ஞாயிறு ஓட்டிட்டு வந்து டீ குடிச்சிட்டு அப்புறம் கழுவிக்கலாம்னு விட்டீங்கன்னா மறுநாள் காலைல செயின் ஆரஞ்சு கலர்ல இருக்கும், போல்ட் தலைல எல்லாம் வெள்ளையா பூத்திருக்கும். அந்த அடிய கார்பன் பைக்கோட காஸ்ட்லி செயின், கேசட் (பின் சக்கர பல்சக்கர அடுக்கு), பேரிங் வாங்கறதுக்கு பதிலா ஷெட்ல கிடக்கற பழைய பார்ட்ஸ் வாங்கட்டும்ங்கறது சரியான கணக்குதான்.

இப்ப அந்த 70 பவுண்டுக்கு வருவோம். ஃப்ரேம் விலைய மட்டும் பாக்கறது, புடவை விலைய பாத்துட்டு ஜாக்கெட் தையக்கூலிய மறந்த கதை. உங்க கைல இருக்கறது ரிம் பிரேக் சாமான். டிஸ்க் ஃப்ரேம் வாங்கினா அந்த வீல் ரெண்டும் உதவாது, பிரேக் உதவாது. பழைய வீல்ல பின்னாடி ஹப் (சக்கரத்தோட நடு உருளை) 130 மில்லிமீட்டர் க்விக் ரிலீஸ், இப்ப வர்ற டிஸ்க் ஃப்ரேம் பெரும்பாலும் 142 த்ரூ ஆக்சில் (ஃப்ரேம்ல ஊடுருவி திருகற அச்சு), உள்ளயே போகாது. ஆக ஃப்ரேம் 350, சுமாரான டிஸ்க் வீல் ஜோடி 200, கேபிள்ல இழுக்கற டிஸ்க் பிரேக்கும் ரோட்டரும் (பிரேக் பிடிக்கற தட்டு) 140 (உங்க பழைய லீவர்ல ஹைட்ராலிக் ஓடாது, அதனால கேபிள்தான்), ஹெட்செட் (ஹேண்டில் திரும்பற பேரிங்) 30, பாட்டம் பிராக்கெட் (பெடல் சுத்தற அச்சோட பேரிங்) 20, கேபிள் 25, மட்கார்டு 40, செயின் 30, பிரஸ் பண்ணி மாட்டற வேலைய மட்டும் கடைல குடுத்தா கூலி 40. கூட்டிப் பாருங்க, 875. விலையெல்லாம் நான் குத்துமதிப்பா போட்டது, பத்து இருபது அப்படி இப்படி இருக்கும்.

அதுவே அந்த அழகில்லாத அலுமினியம் ஃப்ரேம்னா 280, ஹெட்செட்லேந்து மட்கார்டு வரைக்கும் அதே 115, செயினும் பிரேக் பேடும் 40, கடைக்கூலி 40, அப்புறம் நிறைய பேர் மறந்துட்டு வீட்டுக்கு வந்து தலைல கை வைக்கற ஒரு அயிட்டம், லாங் டிராப் பிரேக் ஜோடி 60. உங்க 105 பிரேக் கை குட்டை, மட்கார்டுக்கு இடம் விட்ட ஃப்ரேம்ல ரிம்ம எட்டாது, 57 மில்லிமீட்டர் வரைக்கும் நீளற பிரேக் வேணும். மொத்தம் 535. அதாவது உங்க 70 பவுண்டு வித்தியாசம் 340 பவுண்டு ஆயிடுச்சு, கைல இருக்கற 600க்குள்ள ஒண்ணு அடங்குது, இன்னொண்ணு அடங்கல.

ரிம் பிரேக்ல ஒரு குறை இருக்கு, மறைக்கல, மழைல மண்ணும் உப்பும் சேந்து ரிம்ம உப்புக்காயிதம் மாதிரி தேய்க்கும், மூணு நாலு விண்டர்ல வீல் மாத்த வேண்டி வரலாம். ஆனா அது பழைய வீல், இப்பவே சும்மாதான் கிடக்கு.

சைக்கிள் டு வொர்க் பத்தி. உங்க சம்பளத்துக்கு 20% வரி, 8% நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்துல அரசாங்கம் பிடிக்கற சமூகப் பாதுகாப்பு காசு), ஆக 28% மிச்சம். 1,200 பவுண்டு பைக்குக்கு மாசம் கைக்கு வர்றதுல 72 குறையும், வருஷத்துக்கு 864. அதோட முடிஞ்சுதுன்னு நினைப்பீங்க, இல்ல, அது வாடகைதான், பைக் இன்னும் உங்களது இல்ல. வரித்துறை கணக்குப்படி 500 பவுண்டுக்கு மேல போன பைக்க ஒரு வருஷத்துல சொந்தமாக்கினா விலைல 25% குடுக்கணும், நாலு வருஷம் கழிச்சுன்னா 7%, அதாவது 84. ஆக 948. நடுவுல வேலை மாறினா மீதிய கடைசி சம்பளத்துல பிடிப்பாங்க, அந்த பாகத்துக்கு வரிச் சலுகையும் கிடையாது. எல்லாத்துக்கும் மேல, அந்த பைக்கோட ஓட்டத்துல பாதிக்கு மேல வேலைக்கு போய்வர்றதா இருக்கணும்னு விதி. ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டினாலும் கணக்குல சேரும், ஆனா நீங்க எழுதினத பாத்தா ஞாயித்துக்கிழமைதான் ஓடும். யாரும் மைலேஜ் பாக்க மாட்டாங்கன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க, நான் அப்படி சொல்ல மாட்டேன். தனியா ஃப்ரேம் மட்டும் இந்த ஸ்கீம்ல எடுக்கலாம்னும் நினைக்காதீங்க, அது முழு சைக்கிளுக்கும் ஹெல்மெட், லைட் மாதிரி பாதுகாப்பு சாமானுக்கும்தான்.

கார்டு பாக்கிக்கு இப்ப செப்டம்பர்லேந்து பிப்ரவரி வரை ஆறு மாசம், மாசம் 150 பேங்க்லேந்து தானா போற மாதிரி ஸ்டாண்டிங் ஆர்டர் போட்டுடுங்க, 900 சரியா முடியும். 200ல 72 பைக்குக்கு போனா மிச்சம் 128, அப்ப முடியாது, மார்ச்ல 24.9% வந்து உக்காரும். நான் ஃப்ரேமுக்கு கைக்காசு, கார்டுக்கு மாசக்காசுன்னு பிரிக்கறது இதுக்காகத்தான்.

வாங்கும்போது மட்டும் 280 பவுண்ட கிரெடிட் கார்டுல தேச்சு அடுத்த நாளே வேற கணக்குலேந்து அடைச்சிடுங்க. 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் உள்ள பொருளுக்கு 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம் செக்ஷன் 75 படி கடை கவுந்தாலும் கார்டு கம்பெனிகிட்ட கேக்கலாம். 2023 அக்டோபர்ல விகிள் மாதிரி பெரிய ஆன்லைன் சைக்கிள் கடையே அட்மினிஸ்ட்ரேஷனுக்கு (திவால் நடவடிக்கைக்கு) போச்சே. ஒரே ஒரு எச்சரிக்கை, அந்த 0% சலுகை பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபருக்கு (வேற கார்டு பாக்கிய இதுக்கு மாத்தினதுக்கு) மட்டும்னா புது செலவுக்கு வட்டி வரலாம், அப்படின்னா வேற கார்டுல தேய்ங்க.

செகண்ட் ஹேண்ட் பாக்கலாமேன்னு அடுத்து கேப்பீங்க. நானும் பாத்தேன், 80 பவுண்டுக்கு ஒரு ஸ்டீல் ஃப்ரேம். சீட்போஸ்ட் (சீட்ட தாங்கற குழாய்) கொஞ்சம் டைட்டா இருக்கும்னு வித்தவர் சொன்னார், சரின்னு வாங்கிட்டு வந்தா அது ஃப்ரேமோட ஒட்டியே போயிருந்துச்சு, எண்ணெய் ஊத்தினேன், வெந்நீர் ஊத்தினேன், வைஸ்ல பிடிச்சு திருகினேன், கடைசில கடைக்காரர் அறுத்து எடுக்க 60 பவுண்டு வாங்கினார், என் வீட்டம்மா இன்னமும் அத 140 பவுண்டு பைப்புன்னுதான் சொல்றாங்க. நேர்ல போய் சீட்போஸ்ட் மேலயும் கீழயும் நகருதான்னு பாக்காம, பாட்டம் பிராக்கெட் அடில துரு இருக்கான்னு டார்ச் அடிச்சு பாக்காம காசு குடுக்காதீங்க.

சேல்ல இருக்குன்னு சைஸ் தப்பா எடுத்துடாதீங்க, கார்பன் பைக்கோட ஸ்டாக் (ஃப்ரேமோட உயரம்), ரீச் (முன்னாடி எட்டற நீளம்) நம்பர குறிச்சு வச்சு ஒப்பிடுங்க. மட்கார்டு திருகற ஓட்டை முன்ன பின்ன ரெண்டு பக்கமும் இருக்கா, மட்கார்டோட எத்தன அகல டயர் போகும் (25 மில்லிமீட்டர் கட்டாயம், 28 போனா சந்தோஷம்), பாட்டம் பிராக்கெட் மரை போட்டு திருகற டைப்பா, இத கடைல மெயில் போட்டு கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க. அப்புறம் ஷெட்ல இருக்கற பழைய சீட்போஸ்ட் அடில அளவு பொறிச்சிருக்கும், துடைச்சு பாருங்க, புது ஃப்ரேமும் 27.2 மில்லிமீட்டர், அதுவும் 27.2ன்னு இருந்தா இன்னொரு 20 பவுண்டு மிச்சம்.