லேசரால் ஸ்பின் அசைந்ததா, சூடு ஏறியதா: எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி: "லேசர் துடிப்பால் காந்தக் குறைக்கடத்தியின் ஸ்பின்னைப் பிக்கோநொடிகளில் அசைக்கலாமாமே? சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கிறேன். பள்ளிக்கூட லேசரை வைத்து அறிவியல் விழாவுக்குச் செய்து காட்ட முடியுமா?"

அது முடியாது தம்பி. ஆனால் இதற்கு உறவான ஒன்றைச் செய்யலாம், கடைசியில் சொல்கிறேன். முதலில் உண்மையான சோதனையைப் பாருங்கள். ஸ்பின் என்பது எலக்ட்ரானை ஒரு குட்டிக் காந்தம் போல ஆக்கும் அதன் இயல்பு. பிக்கோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

காந்தக் குறைக்கடத்தியாக எடுக்கும் பொருள் பெரும்பாலும் காலியம் மாங்கனீசு ஆர்சனைடு மென்படலம். மாங்கனீசு தனியே திரண்டுவிடாமல் இருக்க 200 முதல் 250 டிகிரி செல்சியசில் வளர்ப்பார்கள். எவ்வளவு நேர்த்தியாக வளர்த்தாலும் கியூரி வெப்பநிலை, அதாவது காந்தத்தன்மை மறையும் வெப்பநிலை, 200 கெல்வினை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஆகவே மாதிரியைக் கடுங்குளிரில் வைக்கும் கிரையோஸ்டாட் இல்லாமல் வேலை இல்லை. அதன் வெற்றிடம் கொஞ்சம் கெட்டாலும் நம் ஊர் ஈரக்காற்று சன்னலில் படிந்து ஒளியைச் சிதறடிக்கும்.

லேசர் டைட்டானியம் சஃபையர் வகை. துடிப்பின் நீளம் சுமார் 100 ஃபெம்டோநொடி, நொடிக்கு 8 கோடித் துடிப்பு, அலைநீளம் 800 நானோமீட்டர் பக்கம். ஒளியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வலுவான பம்ப் ஸ்பின்னை அசைக்கும். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான புரோப் பின்னால் வந்து அளக்கும். இரண்டுக்கும் இடையிலான நேரத்தை ஓர் ஆடித் தண்டவாளம் தருகிறது. ஒளி போய்த் திரும்புவதால் ஆடி 0.15 மில்லிமீட்டர் நகர்ந்தால் 1 பிக்கோநொடி. ஆடியை முனைக்கு முனை ஓட்டும்போது மாதிரியின் மேல் விழும் புள்ளி இம்மியும் நகரக்கூடாது. நகர்ந்தால் பம்பும் புரோப்பும் மெல்ல விலகி, அழகாகத் தேயும் ஒரு வளைகோடு வரும். பார்க்க இயற்பியல் மாதிரியே இருக்கும், ஆனால் பொய்.

திரும்பி வரும் புரோப்பின் முனைவாக்கத் தளம், அதாவது ஒளி அலை அதிரும் தளம், எவ்வளவு சுழன்றது என்பதுதான் அளவீடு. முனைவாக்கத்தைத் திருப்ப அரை-அலைத் தகடு, ஒளியை முனைவாக்கப்படி இரண்டாகப் பிரிக்க வொலாஸ்டன் பட்டகம், அவற்றை அளக்க இரண்டு ஒளிடையோடு, இரைச்சலிலிருந்து சிக்னலைப் பொறுக்க லாக்-இன் பெருக்கி வேண்டும். சுழற்சி பெரும்பாலும் மைக்ரோரேடியன் கணக்கில்தான் இருக்கும்.

இனி முக்கியமானது. 100 மில்லிவாட் பம்ப் என்றால் ஒரு துடிப்பில் 1.25 நானோஜூல். அதை 30 மைக்ரோமீட்டர் விட்டத்தில் குவித்தால் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 0.18 மில்லிஜூல். 12.5 நானோநொடிக்கு ஒரு முறை இப்படி விழுந்துகொண்டே இருந்தால் அந்த இடம் சூடேறும். சூடேறினால் காந்தம் விரும்பும் திசையே மாறும். காந்தமாக்கம் புதிய திசையைச் சுற்றி அலைபாயும். இதுவும் லேசர் செய்த வேலைதான், ஆனால் ஒளியின் ஸ்பின் கொடுத்த விசை அல்ல.

ஒளியின் ஸ்பின் தரும் விசை வேறு. அலையின் தளம் சுழன்றபடி வரும் வட்டமுனைவாக்க ஒளி ஒரு பக்கம் சாய்ந்த ஸ்பின் உள்ள எலக்ட்ரான்களைக் கிளப்புகிறது. அவை மாங்கனீசு ஸ்பின்களை முறுக்குகின்றன. இது 2012-இல் பிராகாவைச் சேர்ந்த ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் காட்டியது. ஒளியை வட்டமுனைவாக்கும் கால்-அலைத் தகட்டைத் திருப்பி வலச்சுழல், இடச்சுழல் இரண்டிலும் அளந்து கழித்தால் இந்தப் பங்கு மிஞ்சும். கூட்டினால் சூட்டின் பங்கும் துளைகளின் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடங்களின்) பங்கும் மிஞ்சும்.

"சுழலை மாற்றினால் குறி மாறுகிறதே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. படலத்துக்கு அடியில் இருக்கும் காலியம் ஆர்சனைடு எலக்ட்ரான்களும் அதே மாதிரிக் குறி மாற்றும். அதனால் இன்னும் இரண்டு சோதனை தேவை. புறக்காந்தப்புலத்தை மாற்றினால் அலைவெண் படலத்தின் காந்தத்துக்கு ஏற்ப மாற வேண்டும். கியூரி வெப்பநிலையைத் தாண்டினால் அந்த அலைவு மறைய வேண்டும். இவை இல்லாத முடிவை நான் ஏற்பதில்லை. கறார் என்று சொன்னாலும் பரவாயில்லை.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். தோட்டப்புறத்துப் பிள்ளை இயற்பியல் எடுக்கிறேன் என்றால் வீட்டிலும் பள்ளியிலும் "வேலை கிடைக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. பினாங்கின் பாயான் லெப்பாசிலும் கெடாவின் கூலிமிலும் குறைக்கடத்தி ஆலைகள் நிற்கும் நம் மலேசியாவில் இப்படிக் கேட்கிறார்கள். மிகச் சிறிய சிக்னலை இரைச்சலிலிருந்து பிரிக்கத் தெரிந்த கை அங்கே வீண்போகாது.

இப்போது உங்கள் விழாவுக்கு. ஃபாரடே சுழற்சியைச் செய்யுங்கள், அதாவது காந்தப்புலத்தில் இருக்கும் கண்ணாடி வழியே போகும் ஒளியின் முனைவாக்கத் தளம் சுழல்வதை. 10 செ.மீ. அடர்ஃபிளின்ட் கண்ணாடித் தண்டு, அதன்மேல் 15 செ.மீ. நீளத்துக்கு 1200 சுற்றுச் சுருள். 1 ஆம்பியரில் சுமார் 10 மில்லிடெஸ்லா கிடைக்கும். சிவப்பு லேசரில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் சுழலும். தண்டு கிடைக்காவிட்டால் தண்ணீர்க் குழாய் போதும், சுழற்சி ஆறேழு மடங்கு குறையும். லேசருக்கு முன்னால் ஒரு முனைவாக்கி, தண்டுக்குப் பின்னால் 45 டிகிரியில் இன்னொன்று. கூர்மையான உணர்வு அந்தக் கோணத்தில்தான். ஒளிடையோடில் 4 விழுக்காடு மாற்றம் தெரியும். சுருளுக்கு ஆடியோ ஆம்ப்ளிஃபையர் வழியாக 170 ஹெர்ட்ஸ் போல ஒன்றைக் கொடுங்கள். 50 வேண்டாம், மின்கம்பி இரைச்சல் அங்கேயே உட்கார்ந்திருக்கும், விளக்கொளி 100-இல் துடிக்கும்.

சிக்னல் வந்ததும் லேசரை அட்டையால் மறையுங்கள். அப்போதும் 170 ஹெர்ட்ஸ் தெரிந்தால், சுருளின் புலம் நேராக உங்கள் டிடெக்டர் கம்பியில் ஏறுகிறது. கம்பியை முறுக்கி, உலோக உறைக்குள் விட்டு, டிடெக்டரைச் சுருளிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.