சார்லி வாட்ஸ்: அடிக்காமல் விட்ட அடிகள் (கேள்வி பதில்)

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸைப் பற்றி நண்பர்கள் பலரும் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். டிரம்ஸ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இவருடைய வாசிப்பைத்தான். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கல்லூரி மாணவி, சேலம்: ஐயா, இவர் இசைக் குடும்பத்தில் பிறந்தவரா? டிரம்ஸுக்கு எப்படி வந்தார்?

இசைக் குடும்பம் இல்லை அம்மா. அப்பா ரயில்வே நிறுவனத்துக்கு லாரி ஓட்டியவர். சார்லி பிறந்தது 1941 ஜூன் 2, லண்டனில். போரில் குண்டு விழுந்து வீடுகள் அழிந்துபோனதால், ஆயத்தப் பலகைகளைப் பொருத்தி அவசரமாக எழுப்பிய வீடுகளில் பல குடும்பங்களைக் குடியேற்றினார்கள். வெம்ப்ளியில் அப்படி ஒரு வீட்டில்தான் இவர் வளர்ந்தார். பக்கத்து வீட்டுப் பையன் டேவ் கிரீன். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஜாஸ் கலைஞர்கள் ஜெல்லி ரோல் மார்ட்டன், சார்லி பார்க்கர் ஆகியோரின் இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டார்கள். டேவ் பிற்பாடு பெயர்பெற்ற ஜாஸ் பாஸ் கலைஞர் ஆனார். அந்த நட்பு கடைசிவரை விட்டுப்போகவில்லை.

சிறுவயதில் சார்லிக்கு பாஞ்சோ என்ற தந்திக் கருவி ஒன்று கிடைத்தது. விரல் வைக்கும் முறை அவருக்குப் பிடிபடவில்லை. அந்த நேரத்தில் ஜெர்ரி மல்லிகன் குழுவின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டார். அதில் சிக்கோ ஹாமில்டன் குச்சிகளுக்குப் பதில் கம்பி பிரஷ்களால் டிரம்ஸ் வாசித்திருந்தார். உடனே பாஞ்சோவின் கழுத்தைக் கழற்றிவிட்டு, தோல் கட்டிய வட்டத்தை மட்டும் தாங்கியில் பொருத்தி, பிரஷ்ஷால் தட்டத் தொடங்கினார். 1955 கிறிஸ்துமஸுக்குப் பெற்றோர் ஒரு டிரம் செட் வாங்கிக் கொடுத்தார்கள். ஜாஸ் இசைத்தட்டுகளை ஓடவிட்டு அவற்றோடு சேர்ந்து வாசித்துத்தான் தேறினார்.

வங்கி ஊழியர், திருச்சி: ஜாஸ் பிரியர் ராக் குழுவில் எப்படிச் சேர்ந்தார்?

வேலை பார்த்துக்கொண்டே சேர்ந்தார். ஹாரோ கலைப் பள்ளியில் படித்துவிட்டு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தார். மாலையில் கிடைத்த இடத்தில் டிரம்ஸ் வாசிப்பார். அலெக்சிஸ் கார்னர் என்ற ப்ளூஸ் கலைஞர் தம் குழுவுக்கு அழைத்தபோது, வேலை விஷயமாக டென்மார்க் போகவேண்டியிருந்தது. திரும்பி வந்து 1962இல் அந்தக் குழுவில் சேர்ந்தார். பாடகர் மிக் ஜாகர், கிதார் வாசித்த கீத் ரிச்சர்ட்ஸ், பிரையன் ஜோன்ஸ் மூவரும் அந்த வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள். இவரைத் தங்கள் குழுவுக்கு இழுக்கப் பார்த்தார்கள், ஆனால் கொடுக்கக் கையில் காசு இல்லை. கடைசியில் 1963 ஜனவரியில் ஸ்டோன்ஸில் சேர்ந்தார். கார்னர் குழுவில் இவர் விட்ட இடத்தில் வந்து உட்கார்ந்தவர் ஜிஞ்சர் பேக்கர்.

பெயர் வெளியிட விரும்பாதவர்: கீத் மூன், ஜான் பான்ஹம், நீங்கள் சொன்ன ஜிஞ்சர் பேக்கர் ஆகியோரோடு வைத்துப் பார்த்தால் இவர் சாதாரணம்தானே? ஒரு தனி ஆவர்த்தனம்கூட வாசித்ததில்லை.

பெரிய ராக் டிரம்மர்களான அந்த மூவரையும் நானும் மதிக்கிறேன். ஆனால் "சாதாரணம்" என்ற சொல்லை ஏற்கமாட்டேன். தனி வாசிப்பில் இவருக்கு விருப்பமே இல்லை. "பாட்டுக்கு வாசிப்பது" என்று நம் மிருதங்கக்காரர்கள் சொல்வார்களே, இவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதைத்தான்.

ஸ்டோன்ஸில் ஒரு விசித்திரம் உண்டு. பொதுவாக ராக் குழுவில் எல்லோரும் டிரம்மரைப் பின்பற்றுவார்கள். இங்கே டிரம்மர் கீத் ரிச்சர்ட்ஸின் கிதாரைப் பின்பற்றினார். பாஸ் கிதார் வாசித்த பில் வைமன் டிரம்ஸுக்கு ஒரு மயிரிழை முன்பின்னாக நிற்பார். மூன்றும் துல்லியமாக ஒரே புள்ளியில் விழாததால்தான் அந்தக் குழுவின் தாளத்தில் ஓர் ஆட்டம் தெரிகிறது. எந்த நிமிடமும் குலைந்துவிடும்போல் இருக்கும், ஆனால் குலையாது. குலையாமல் தாங்கி நிற்பவர் சார்லி. இதே இடத்தில் கீத் மூனை உட்கார வைத்திருந்தால் கிதாருக்கு மூச்சுவிட இடம் இருந்திருக்காது.

டிரம்ஸ் பழகுபவர், கோயம்புத்தூர்: அவர் ஹை-ஹேட் வாசிக்கும் விதம் வித்தியாசமானது என்கிறார்கள். வீடியோவில் எவ்வளவு பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை, சார்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஹை-ஹேட் என்பது கால் மிதியால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு (சிம்பல்). பாடகரைப் பார்க்காமல் சார்லியின் வலது கையை மட்டும் பாருங்கள்.

சாதாரண ராக் தாளத்தில் ஒரு சுற்றுக்கு நான்கு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் இரண்டாக்கினால் எட்டு. வலது கை அந்த எட்டையும் ஹை-ஹேட் சிம்பல்களில் விடாமல் தட்டிக்கொண்டே போகும். இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் இடது கை, அடியில் கம்பி கட்டிய ஸ்நேர் டிரம்மை அடிக்கும். அப்போது ஹை-ஹேட்டும் ஸ்நேரும் ஒன்றாக ஒலிக்கும். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வாசிக்கிறார்கள்.

சார்லி அந்த இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் ஹை-ஹேட்டைத் தொடமாட்டார். இடது கை இறங்கும் அதே கணத்தில் வலது கைக் குச்சி சிம்பலிலிருந்து விலகி மேலே எழும்பும். ஸ்நேர் அடி தனியாக, துணை இல்லாமல் விழும். பிறகு வலது கை இறங்கி விட்ட இடத்தில் சேர்ந்துகொள்ளும்.

இதனால் என்ன ஆகிறது? முதலாவது, ஸ்நேரின் ஓசையோடு சிம்பலின் சலசலப்பு கலக்காது. அடி சுத்தமாகக் கேட்கும். இரண்டாவது, எழும்பிய கை இறங்கி வர இம்மி நேரம் பிடிக்கும். அந்த இம்மி நேரத்தால் தாளம் சற்றே பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். இடது கையில் அவர் குச்சி பிடிக்கும் விதத்தையும் கவனியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, உள்ளங்கை மேல்நோக்கியபடி, பழைய ஜாஸ்காரர்கள் பிடிக்கும் பிடி. கால்பந்து மைதானங்களில் வாசித்த காலத்திலும் அதை மாற்றவில்லை.

பழகுவதற்கு: முதலில் ஸ்நேரை விட்டுவிடுங்கள். ஹை-ஹேட்டில் எட்டையும் தட்டி, மூன்றாவதையும் ஏழாவதையும் மட்டும் காற்றில் விடுங்கள். கை அதற்குப் பழகிய பிறகு அந்தக் காலி இடங்களில் ஸ்நேரைச் சேருங்கள். மெதுவான வேகத்தில்தான் இது கடினம். வேகமாகத் தொடங்கி ஏமாந்துபோகாதீர்கள்.

ஒலிப்பதிவுப் பொறியாளர், சென்னை: 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' பாட்டின் டிரம்ஸ் ஓசை எனக்கு இன்றும் புதிர். அதை எப்படிப் பதிவுசெய்தார்கள்?

1968இல் வெளிவந்த பாட்டு. அதன் அடிப்படைத் தடத்தில் இருப்பது வழக்கமான டிரம் செட் இல்லை. சார்லி 1930களில் செய்யப்பட்ட சிறுவர் டிரம் செட் ஒன்றை வைத்திருந்தார். மடித்து ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கிவிடலாம். கஞ்சிரா அளவுக்குச் சிறிய, தோல் கட்டிய டிரம்கள். அவர் தரையில் உட்கார்ந்து அதை வாசிக்க, கீத் ரிச்சர்ட்ஸ் சாதாரண அகூஸ்டிக் கிதாரை மீட்டினார். இரண்டையும் சேர்த்துக் கீத்தின் கேசட் ரெக்கார்டரில் பதிவுசெய்தார்கள். ஒரே மைக், அதுவும் தாங்க முடியாத அளவுக்கு ஓசையை வாங்கிக்கொண்டது. பிறகு அந்தக் கேசட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, ஸ்டுடியோ டேப்பில் ஏற்றி, மேலே மற்ற கருவிகளைச் சேர்த்தார்கள். நீங்கள் கேட்கும் அந்த நொறுங்கிய ஓசை அந்தச் சின்ன ரெக்கார்டரின் திணறல்தான். இன்று மென்பொருளில் அதை வரவழைக்க எத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

பள்ளி ஆசிரியர், மதுரை: 'ஹாங்கி டாங்க் விமென்' தொடக்கத்தில் கேட்கும் மணி ஓசையும் அவர் வாசித்ததுதானா?

இல்லை. அந்த கௌபெல்லை வாசித்தவர் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். அவரும் டிரம்மர்தான். 'யூ காண்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வாண்ட்' பாட்டுக்கான தாளம் சார்லிக்குச் சரியாக அமையாதபோது, அதிலும் மில்லரே உட்கார்ந்து வாசித்தார். தன் இருக்கையை இன்னொருவருக்குக் கொடுக்கும் மனம் பெரிய டிரம்மர்கள் எல்லோரிடமும் இருக்காது. எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது அதனால்தான்.

தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்: மிக் ஜாகரை அவர் அடித்தார் என்பது உண்மையா?

கீத் ரிச்சர்ட்ஸ் 2010இல் வெளியான தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1984, ஆம்ஸ்டர்டாம். விடியற்காலையில் குடிமயக்கத்தில் மிக், சார்லியின் ஓட்டல் அறைக்கு போன் போட்டு "என் டிரம்மர் எங்கே?" என்று கேட்டாராம். சார்லி எழுந்து, சவரம் செய்து, கோட்டும் டையும் அணிந்து, வந்து ஒரு குத்து விட்டாராம். இந்தக் கதையை எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். ஆனால் சார்லி அதைப் பெருமையாக நினைக்கவில்லை. அவர் குணத்தைக் காட்ட இதைவிட நல்ல நிகழ்வுகள் நிறைய உண்டு.

வடிவமைப்பாளர், புதுச்சேரி: ஓவியம் படித்தவர் என்கிறீர்கள். அந்தப் படிப்பு குழுவுக்குப் பயன்பட்டதா?

நிறையவே. 1967இல் வந்த 'பிட்வீன் த பட்டன்ஸ்' ஆல்பத்தின் பின்னட்டைச் சித்திரக் கதை அவர் கை வண்ணம். சுற்றுப்பயண மேடைகளின் வடிவமைப்பில் மிக்கோடு சேர்ந்து உட்காருவார். 1975 மே 1 அன்று நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் ஒரு திறந்த லாரி வந்து நின்றது. அதன்மேல் ஸ்டோன்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையாளர் சந்திப்புக்காக ஓட்டலுக்குள் காத்திருந்தவர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அந்த யோசனை சார்லியுடையது. பழைய ஜாஸ் குழுக்கள் இப்படி வண்டியில் வாசித்தபடி ஊர் சுற்றி விளம்பரம் செய்தது அவர் நினைவில் இருந்தது.

சார்லி பார்க்கரைப் பற்றி அவர் வரைந்து எழுதிய சிறு படப்புத்தகமும் உண்டு. 1967 முதல் சுற்றுப்பயணத்தில் தங்கிய ஓட்டல் அறைகளின் கட்டிலை ஒன்றுவிடாமல் வரைந்து வைத்தார்.

மருத்துவ மாணவர், தஞ்சாவூர்: அவரும் போதைப் பழக்கத்தில் சிக்கினாரா?

சிக்கினார். அதுவும் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 1980களின் நடுவில். மது, ஹெராயின் இரண்டும். குழுவில் மற்றவர்கள் இளமையிலேயே அந்த நெருப்பில் இறங்கியபோது ஒதுங்கி நின்றவர், அவர்கள் தேறி வந்த காலத்தில் விழுந்தார். வீட்டு நிலவறைக்கு மதுப்புட்டி எடுக்கப் போகையில் படியில் தவறிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். ஜாஸ் கச்சேரிக்கு நாள் குறித்திருந்த நேரம். அந்த அதிர்ச்சியில் எல்லாவற்றையும் நிறுத்தினார். 2004இல் தொண்டைப் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்துக் குணமாகி, அடுத்த ஆண்டே சுற்றுப்பயணத்தில் இருந்தார்.

குடும்பத் தலைவி, ஈரோடு: அவர் குடும்பம்?

1964இல் ஷெர்லியை மணந்தார். அந்தத் திருமணம் அவர் காலமாகும்வரை நிலைத்தது. ஒரு மகள். டெவனில் இருந்த பண்ணையில் இருவரும் அரபுக் குதிரைகள் வளர்த்தார்கள்.

தந்தை, திருநெல்வேலி: பன்னிரண்டு வயது மகனுக்கு டிரம் செட் வாங்கவேண்டும். கடைக்காரர் ஏழு டிரம் உள்ளதைக் காட்டுகிறார். சார்லி வாட்ஸ் எதை வைத்திருந்தார்?

கிரெட்ச் நிறுவனத்தின் 1957ஆம் ஆண்டு செட். காலால் அடிக்கும் பெரிய பாஸ் டிரம், ஸ்நேர், டாம் என்ற டிரம்கள் இரண்டு, மொத்தம் நான்கு. அரங்கங்கள் பெருத்துக்கொண்டே போனபோதும் அவர் டிரம்களின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. உங்கள் மகனுக்கும் நான்கு போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹை-ஹேட்டும் உறுதியான இருக்கையும் வாங்கிக் கொடுங்கள். மலிவான செட்டோடு வரும் சிம்பல்கள் தகரம்போல் ஒலிக்கும். பிள்ளைக்கு அதிலேயே ஆர்வம் போய்விடும்.

மென்பொருள் பணியாளர், பெங்களூரு: கடைசியாக எப்போது வாசித்தார்? அவர் இல்லாமல் குழு எப்படித் தொடர்ந்தது?

ஸ்டோன்ஸோடு கடைசிக் கச்சேரி 2019 ஆகஸ்ட் 30, மயாமி. 2021இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு வர இயலாது என்ற அறிவிப்பு வந்தபோது, கீத்தின் நண்பர் ஸ்டீவ் ஜோர்டன் அந்த இடத்துக்கு வந்தார். அந்த ஆகஸ்ட் 24 அன்று லண்டன் மருத்துவமனையில் சார்லி காலமானார். வயது 80. அடுத்த மாதம் செயின்ட் லூயிஸ் நகரில் பயணம் தொடங்கியபோது, ஆளில்லா மேடையில் டிரம்ஸ் ஒலிக்க, திரையில் சார்லியின் படங்கள் ஓடின. 2023இல் வந்த 'ஹாக்னி டைமண்ட்ஸ்' ஆல்பத்தில் இரண்டு பாடல்களில் அவர் வாசிப்பு இருக்கிறது. அதில் ஒன்றான 'லிவ் பை த ஸ்வார்ட்' பாட்டில் பில் வைமனும் வாசித்திருக்கிறார். எனவே பழைய பாஸும் பழைய டிரம்ஸும் சேர்ந்து கேட்கும்.

உங்கள் ஊரிலும் வாசித்திருக்கிறார். 2003 ஏப்ரலில் ஸ்டோன்ஸ் பெங்களூரிலும் மும்பையிலும் கச்சேரி செய்தார்கள்.

சேலம் மாணவி, மறுபடியும்: ஐயா, எந்தப் பாடல்களோடு சேர்ந்து வாசித்துப் பழகலாம்?

முதலில் 'மிஸ் யூ'. 1978இல் வந்தது, டிஸ்கோ காலத்துத் தாளம். பாஸ் டிரம் நான்கு எண்ணிக்கையிலும் சீராக விழும். இதை மெட்ரோனோம் (சீராகத் தட்டிக் காட்டும் தாளக் கருவி) வைத்துப் பழகுங்கள். அடுத்து அதே ஆல்பத்தின் 'பீஸ்ட் ஆஃப் பர்டன்'. அவசரமே இல்லாத வாசிப்பு, ஸ்நேர் விழும் இடத்தை ஊன்றிக் கேளுங்கள். மூன்றாவதாக 'கெட் ஆஃப் மை கிளவுட்' தொடக்கம், கை வேகத்துக்கு. இவை பிடிபட்ட பிறகு 'ஹாங்கி டாங்க் விமென்' பக்கம் வாருங்கள், ஆனால் அதற்கு மெட்ரோனோம் வைக்காதீர்கள். தொடக்கத்தில் இருந்த வேகம் முடிவில் இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிடும். அந்த ஏற்றத்தைப் பாட்டோடு சேர்ந்துதான் கற்கவேண்டும்.