மழைக்கு ட்ரிப், ராத்திரிக்கு மங்கல்: வீட்டுக் கரண்ட் கேள்வி பதில்

மஸ்கெலியாவிலிருந்து: அண்ணே, லக்ஷபான பவர் ஸ்டேஷன் நமக்குக் கிட்டத்துலதான் இருக்கு. ஆனா சாயங்காலமானா எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) பல்ப் மங்குது. பிரிட்ஜ் முனகிட்டு நின்னுடுது. ஏன்?

பதில்: பவர் ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிறதால ஒரு லாபமும் இல்லை. அங்கே பிறக்கிற கரண்ட் பெரிய லைன்ல ஏறிப் போய், 33 கிலோவோல்ட்டா இறங்கி, தோட்டத்து டிரான்ஸ்ஃபோமர்லதான் 230 வோல்ட் ஆகுது. அந்த டிரான்ஸ்ஃபோமர்ல இருந்து உங்க லயம் எவ்வளவு தூரம், நடுவுல எத்தனை வீடு என்பதுதான் கணக்கு. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்துல கேத்தலும் ரைஸ் குக்கரும் ஏறினா வோல்ட்டேஜ் வழியிலேயே கரைஞ்சிடும்.

230க்கு மேலேயும் கீழேயும் 6 வீதம், அதாவது 216 முதல் 244 வரை இருக்கணும். 180க்கு இறங்கினா 2000 வாட் கேத்தல் 1225 வாட்தான் தரும். தண்ணி கொதிக்க நேரமாகும், அவ்வளவுதான். பிரிட்ஜ் அப்படியில்லை. கம்ப்ரசர் சுத்த முடியாம நின்னா பல மடங்கு கரண்ட் இழுத்து வைண்டிங் (மோட்டார் சுருள்) கருகும். முனகல் கேட்டதும் பிளக்கைக் கழட்டிடுங்க. வோல்ட்டேஜ் சரியானதும் 3 நிமிஷம் தாமதிச்சுப் போடுற வோல்ட்டேஜ் காட் (பாதுகாப்புக் கருவி) ஒண்ணு வாங்குங்க. அது வோல்ட்டேஜை ஏத்தாது, குறைஞ்சா துண்டிக்கும். சாயங்கால வோல்ட்டேஜ் அளவுகளை எழுதிவச்சு, லயத்துக்காரங்க எல்லாரும் சேர்ந்து மின்சாரப் புகார் நம்பர் 1987க்கு சொல்லுங்க.

உங்க வீட்டுல மங்கி, அடுத்த வீட்டுல பல்ப் பளீர்னு எரிஞ்சா அது வேற கதை: லைன்ல நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற கம்பி) கழண்டிருக்கலாம். உடனே ரெண்டு வீட்டு மெயினையும் அணைச்சிடுங்க.

நுவரெலியாவிலிருந்து: தொடர்ந்து மழைன்னா ட்ரிப் சுவிட்ச் விழுந்துகிட்டே இருக்கு. வயரிங் பாக்கிற தம்பி அதைக் கழட்டிட்டு நேரா கொடுத்திடலாம்கிறார்.

பதில்: விடாதீங்க அக்கா. 30 மில்லிஅம்பியர் கசிஞ்சாலே விழுறதுக்குத்தான் அதை வைக்கிறது. கசிவைத் தேடச் சொல்லுங்க.

எல்லா பிளக்கையும் கழட்டுங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது; சின்ன பிரேக்கரும் சுவிட்சும் லைவை (கரண்ட் வர்ற கம்பியை) மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் ஈரத்துல எர்த்தைத் தொட்டாலும் ட்ரிப் விழும். பிரேக்கர் எல்லாத்தையும் இறக்கிட்டு ட்ரிப்பை ஏத்துங்க. அப்பவும் விழுந்தா பெரும்பாலும் சுவருக்குள்ள நியூட்ரல் பக்கக் கோளாறு. ட்ரிப் விழாம நின்னா பிரேக்கரை ஒவ்வொண்ணா ஏத்துங்க. எதுல விழுதோ அந்த லைன்தான். நம்ம பக்கம் அது அநேகமா வாசல் பல்ப் ஹோல்டர், இல்லைன்னா கூரை ஒழுக்கு இறங்கின ஜங்ஷன் பொக்ஸ். ட்ரிப்ல இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்குங்க. ஆனா அது எர்த் கம்பி நல்லா இருக்கான்னு சொல்லாது.

ஹட்டனிலிருந்து: பிள்ளைகளுக்குக் குளிக்க வாளியில போடுற ஹீட்டர் கம்பி பாவிக்கலாமா?

பதில்: எர்த் உள்ள மூணு பின் பிளக், ட்ரிப் சுவிட்ச், பிளாஸ்டிக் வாளி, இந்த மூணும் இருந்தா மட்டும். முதல்ல தண்ணி, பிறகு கம்பி, கடைசியில சுவிட்ச். எடுக்கும்போது சுவிட்சை அணைச்சு, பிளக்கைக் கழட்டின பிறகுதான் தண்ணியில கை. 15 லீட்டரை 16 பாகையிலிருந்து 40க்குக் கொண்டுவர 1000 வாட் கம்பிக்கு சுமார் 25 நிமிஷம்; அதுவரை பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது. தண்ணி இல்லாம ஓடின கம்பியைத் திரும்பப் போடாதீங்க. மேலுறையில வெடிப்பு விழுந்து உள்ளே ஈரம் இறங்கும்.

பண்டாரவளையிலிருந்து: 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டரை 13 அம்பியர் பிளக்கில் போடலாமா?

பதில்: கூடாது. 15 அம்பியருக்கு மேல இழுக்கும். 13 ஃபியூஸ் அதுக்கெல்லாம் சட்டுனு போகாது, பிளக் பேஸ்தான் உருகும். போர்ட்ல இருந்து தனியா 7/0.85 வயர் (0.85 மில்லிமீட்டர் கம்பி 7 சேர்ந்தது), 20 அம்பியர் பிரேக்கர், குளியலறைக்கு வெளியே லைவ், நியூட்ரல் ரெண்டையும் வெட்டுற டபுள் போல் சுவிட்ச். 5.5 கிலோவாட்னா 7/1.04 வயரும் 32 அம்பியர் பிரேக்கரும்.

லிந்துலையிலிருந்து: மழையில கூரைத் தகரத்தைத் தொட்டா சுள்ளுங்குது.

பதில்: இப்பவே மெயினை இறக்குங்க, தகரத்தையும் அதுல கட்டின துணிக் கொடியையும் யாரும் தொடக்கூடாது. மெயின் இறங்கியும் சுள்ளுன்னா தகர விளிம்புல சேவிஸ் வயரோ (கம்பத்துல இருந்து வீட்டுக்கு வர்ற வயர்), பக்கத்து வீட்டுக்கு இழுத்த வயரோ தேய்ஞ்சிருக்கு. 1987க்கு கூப்பிடுங்க, நீங்க கூரையில ஏறாதீங்க.

பதுளையிலிருந்து: பேனா மூடியை மேல் துளையில குத்தி ரெண்டு பின் பிளக்கை சொருகுறோம். பிழையா மாஸ்டர்?

பதில்: பிழைதான். மேல் துளை எர்த். அதைக் குத்தினா லைவ் துளைகளை மூடியிருக்கிற தட்டு விலகுது. மெலிஞ்ச பின் உள்ளே இறுக்கமா நிக்காம சூடேறும். பழைய பிளக்கை வெட்டிட்டு 13 அம்பியர் பிளக் மாட்டுங்க: திறந்து பார்க்கும்போது மேலே பச்சை-மஞ்சள், வலப்பக்கம் பிரவுன், இடப்பக்கம் நீலம். 700 வாட் வரை 3 அம்பியர் ஃபியூஸ், அதுக்கு மேல 13. அயர்ன், கேத்தல் மாதிரி உலோக உடம்புள்ள சாமானுக்கு ரெண்டு கோர் வயர் இருந்தா பிளக்கை மட்டும் மாத்திப் பிரயோசனமில்லை, வயரையே மூணு கோராக்கி எர்த்தை உடம்புல இணைக்கணும்.