பிள்ளைகளோடு விமான நிலையச் சோதனை: சுங்கை சிப்புட் அம்மாக்கள் கேட்டதும் நான் சொன்னதும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்கு வீடு பெட்டி கட்டுகிறார்கள். திருச்சியில் கல்யாணம், பழனியில் மொட்டை, குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் 22 வருடம் நின்றவள் என்று தெரிந்ததிலிருந்து, பசாரில் மீன் வாங்கும்போதுகூட என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். எழுதி அனுப்புங்கள், எழுதியே பதில் சொல்கிறேன் என்றேன். வந்ததெல்லாம் கீழே. எனக்குத் தெரிந்தது சோதனை மட்டும். டிக்கெட், விசா, இருக்கை பற்றி வேறு ஆளைக் கேளுங்கள்.

லிந்தாங்கிலிருந்து ஒரு தாய்: அக்கா, பாப்பாவுக்கு எட்டு மாசம். பால் மாவு, ஃபிளாஸ்கில் சுடுதண்ணி, அரைச்ச கஞ்சி எல்லாம் கொண்டு போகணும். 100 மில்லிக்கு மேல விடமாட்டாங்கன்னு சொல்றாங்களே?

100 மில்லிலிட்டர் கணக்கு உண்மைதான். 2006 ஆகஸ்டில், குளிர்பானப் போத்தலில் வெடிமருந்து கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கப் போட்ட திட்டத்தை பிரிட்டனில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் உலகம் முழுக்க இந்த விதி வந்தது. இங்கிருந்து போகும் வெளிநாட்டுப் பயணத்தில் தண்ணீர், எண்ணெய், கிரீம், ஜெல் எதுவானாலும் போத்தல் 100 மில்லிக்கு மேல் இருக்கக்கூடாது. எல்லாப் போத்தலும் மூடித் திறக்கிற, உள்ளே இருப்பது தெரியும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். கவனியுங்கள், போத்தலின் அளவுதான் கணக்கு. 200 மில்லிப் போத்தலில் அடியில் இரண்டு சொட்டு இருந்தாலும் அது 200 மில்லிதான். இதற்காக எத்தனை பேர் என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள்!

கைக்குழந்தையின் உணவுக்கு விலக்கு உண்டு. பால், பாலுக்கான தண்ணீர், கஞ்சி, மருந்து எல்லாம் பயண நேரத்துக்குத் தேவையான அளவு கொண்டு போகலாம். பிள்ளை கூடவே இருக்க வேண்டும். பால் மாவு திரவமே இல்லை, அதற்குத் தடையில்லை. எல்லாவற்றையும் தனிப் பையில் போட்டு, அவர்கள் கேட்கும் முன்பே எடுத்து வைத்து, "குழந்தைச் சாப்பாடு" என்று சொல்லிவிடுங்கள். திறந்து பார்க்கலாம், உங்களையே ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்லலாம். அதற்கு முகம் சுளிக்காதீர்கள்.

உடம்புக்குத் தடவும் தெலோன் எண்ணெய் சாப்பாடு இல்லை. அதற்கு 100 மில்லி விதிதான். சிறு போத்தலாக வாங்குங்கள்.

இன்னொன்று. சில இடங்களில் விமானத்துக்குப் போகும் வாயிலருகே மறுபடியும் சோதனை இருக்கும். பெரிய பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தலைக் கடைசிச் சோதனை முடிந்த பிறகு நிரப்புங்கள்.

கமுனிங் தோட்டத்திலிருந்து: தாய்ப்பால் எடுத்து வச்ச போத்தல் எக்ஸ்ரேக்குள்ள போனா கெட்டுடுமா? மாமியார் ஊத்திடச் சொல்றாங்க.

ஊற்றிவிடாதீர்கள், அம்மா! எக்ஸ்ரே பாலுக்குள் தங்காது. டார்ச் வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டிப் போவதுபோலப் போய்விடும். டார்ச்சை அணைத்த பிறகு கண்ணாடிக்குள் வெளிச்சம் மிச்சம் இருக்கிறதா? எக்ஸ்ரே பெட்டிக்குள் அந்தப் போத்தலில் படும் கதிர் மிக மிகக் குறைவு. நாம் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் கொஞ்சம் கதிர் நம்மீது பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மாமியாருக்கு இதைப் பொறுமையாக வாசித்துக் காட்டுங்கள்.

முதல் பேத்தி எடுத்த பாட்டி: பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண், தாயத்து, கொலுசு போட்டிருக்கோம். கழட்டணுமா? அரைஞாண் கழட்டினா ஆகாது.

அரைஞாணை யாரும் அறுக்கச் சொல்ல மாட்டார்கள். சோதனையில் நாம் நடந்து கடக்கும் வாசலுக்குள் மின்சாரம் ஓடும் கம்பிச்சுருள் இருக்கிறது. அது எழுப்பும் மெல்லிய காந்தப் புலத்தில் உலோகம் குறுக்கிட்டால் சத்தம் வரும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்றாலும் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் கனமான அரைஞாணும் தாயத்துத் தகடும் மாட்டிக்கொள்ளலாம். மாட்டினால் கைக்கருவியை இடுப்புப் பக்கம் காட்டுவார்கள், நீங்கள் சட்டையைத் தூக்கிக் காட்டுவீர்கள், முடிந்தது. கொலுசை மட்டும் முன்னாடியே கழற்றிப் பைக்குள் போடுங்கள். அந்தக் காந்தப் புலத்தால் பிள்ளைக்கோ கர்ப்பிணிக்கோ கெடுதல் இல்லை.

மூன்று பிள்ளைகளோடு தனியாகப் போகும் தாய்: தள்ளுவண்டியையும் மடக்கணுமா? யார் முதல்ல போறது?

மடக்க வேண்டும், எக்ஸ்ரேக்குள் போகும் அளவென்றால் போக வேண்டும். குழந்தை கையில். துணியில் கட்டிச் சுமந்தாலும் இறக்கச் சொல்லலாம்.

பெரியவர் இருவர் என்றால் ஒருவர் முதலில், பிள்ளைகள் நடுவில், மற்றவர் கடைசியில். நீங்கள் தனி ஆள். முதலில் சாமான் எல்லாம் பெல்ட்டில் ஏறட்டும், தள்ளுவண்டி கடைசியாக. பிறகு பெரிய பிள்ளை உங்கள் கண்முன்னே வாசலைத் தாண்டி, அந்தப் பக்கம் நிற்கும் அதிகாரி சொல்லும் இடத்தில் நிற்கட்டும். அடுத்து நடுப்பிள்ளை. கைக்குழந்தையோடு நீங்கள் கடைசி. இரண்டு கை போதவில்லை என்றால் வாய் திறந்து உதவி கேளுங்கள்.

பெல்ட் பக்கத்தில் பிள்ளையை இறக்கி விடாதீர்கள். பையை எடுக்கத் திரும்பும் ஒரு விநாடியில் பிள்ளை பெல்ட்டில் ஏறி உட்கார்ந்துவிடும். என் கையாலேயே தூக்கி இறக்கியிருக்கிறேன்.

தாமானிலிருந்து ஓர் அப்பா: பையனுக்கு நாலு வயசு, ஓடிக்கிட்டே இருப்பான். "அந்த ஆபிசர் பிடிச்சிட்டுப் போயிடுவாரு"ன்னு சொன்னாத்தான் அடங்குறான். அங்கேயும் அதையே சொல்லிச் சமாளிச்சுக்கலாம்ல?

சொல்லாதீர்கள் தம்பி. எல்லாக் கேள்வியையும் விட்டாலும் இதற்குப் பதில் சொல்லாமல் விடமாட்டேன்.

நான் வேலை பார்த்த முனையத்தில் ஒரு நாள் நாலு வயதுப் பையன் காணாமல் போனான். அம்மா கதறுகிறார். நாங்கள் ஆறு பேர் சீருடையோடு அவன் பெயரைச் சொல்லித் தேடினோம். அவன் இருந்தது இருபதடி தூரத்தில், நாற்காலி வரிசைக்கு அடியில். நாங்கள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்கிறது. எங்கள் சப்பாத்தைப் பார்த்துப் பார்த்து உள்ளே உள்ளே போயிருக்கிறான். அவன் அப்பா சொல்லி வளர்த்த வார்த்தையும் நீங்கள் சொல்வதேதான். துப்புரவுக்கு வந்த அக்கா குனிந்து ஒரு மிட்டாயைக் காட்டிய பிறகுதான் வந்தான்.

கூட்டத்தில் தொலைந்த பிள்ளை ஓட வேண்டியதே சீருடைக்காரரிடம்தான். அந்த ஆளையே பூச்சாண்டி ஆக்கிவிட்டால் பிள்ளை யாரிடம் போகும்?

ஓய்வுபெற்ற தோட்டத்து ஐயா: நாங்கல்லாம் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல, வேலை வாங்குற மண்டோர் சத்தத்துக்கும், கணக்குப் பாக்குற கிராணி தொப்பிக்கும் பயந்து வளர்ந்தவங்க. கெட்டா போயிட்டோம்? பயம் இருந்தாத்தான் பிள்ளை பிள்ளையா இருக்கும். இந்தக் காலத்துல ரொம்பச் செல்லம்.

ஐயா, நானும் லயத்து வீட்டில் பிறந்தவள்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் ஞாபகம் இருக்கிறதா? "அழுதா டிரெஸர் வந்து ஊசி போடுவாரு" என்றுதான் எங்கள் அம்மாவும் சொன்னார். தடுப்பூசி நாளன்று அவர் வந்தால் லயத்துப் பிள்ளைகள் பூராவும் கட்டிலுக்கு அடியிலும் பால்மரக் காட்டுக்குள்ளும் ஓடிவிடுவோம். கடைசியில் கையைக் காலைப் பிடித்துத்தான் ஊசி போட்டார்கள். நம்மைக் காப்பாற்ற வந்த மனிதரைப் பார்த்து ஓடினோம். அந்தப் பயத்தால் நமக்கு என்ன கிடைத்தது?

அதே ஐயா: நீங்க சொல்றது டிரெஸருக்குச் சரி. மண்டோருக்குப் பயந்ததாலதான் நேரத்துக்கு எழுந்தோம்.

எழுந்தது நீங்கள், ஐயா. சம்பளம் வாங்கும் ஆள். நாலு வயதுப் பிள்ளைக்கு நேரமும் தெரியாது, வரிசையும் தெரியாது. பயந்த பிள்ளை வாசலைத் தாண்டாது. அழும், உடம்பை வில்லாக வளைக்கும், பின்னால் நிற்கும் நாற்பது பேரும் காத்திருப்பார்கள். நான் பார்த்தது இதுதான், ஒன்றிரண்டு தடவை அல்ல.

ஒரு பாலர் பள்ளி ஆசிரியை: அக்கா சொல்றது சரி. ஆனா ஐயா கேக்குறதுலயும் நியாயம் இருக்கு. பயம் காட்டக்கூடாதுன்னா வேற என்னதான் சொல்லி அடக்குறது?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். புறப்பட இரண்டு வாரத்துக்கு முன்பே வீட்டில் விளையாடிக் காட்டுங்கள். மீகூன் வரும் பெரிய அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கத்தையும் வெட்டினால் எக்ஸ்ரே தயார். பிள்ளையின் பொம்மையும் சப்பாத்தும் ஒரு தட்டில் அதற்குள் போய் மறுபக்கம் வரட்டும். பொருள் போகும், திரும்பி வரும் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வரிசையில் பிள்ளைகள் அழுவதில் பெரும்பங்கு கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கியதற்குத்தான். அறை வாசற்படிதான் சோதனை வாசல். தாத்தா அதிகாரி. கரண்டிதான் கைக்கருவி. கையை விரித்து நின்றால் "சரி, போகலாம்" என்று தாத்தா சொல்லட்டும். அடுத்த ஆட்டத்தில் பிள்ளை அதிகாரி, தாத்தா பயணி. நாட்டுக்கு நாடு சோதனை கொஞ்சம் மாறும், அதனால் ஒரு முறையோடு நிறுத்தாமல் பல முறை விளையாடுங்கள்.

உண்மையையும் சொல்லுங்கள்: "நம்ம எல்லாரும் பத்திரமாப் போகணும்னு அவங்க பாக்குறாங்க." இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டாம்.

குழந்தைக்குப் பாஸ்போர்ட் வேணுமா, மைகிட் அடையாள அட்டை போதுமா?

வெளிநாடு என்றால் கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ். மற்றவை குடிநுழைவுத் துறையிடம்.

அக்கா, ரெண்டு வயசுப் பிள்ளைக்குப் பால் கொண்டு போலாமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

ஊரிலிருந்து திரும்பி வரும்போது திருச்சியில் என்ன பார்க்கணும்? அர்ச்சனைத் தேங்காய் கொண்டு வரலாமா?

அங்கே முனையத்துக்குள் நுழையவே டிக்கெட்டும் கடப்பிதழும் காட்ட வேண்டும். வழியனுப்ப வரும் அத்தை மாமாவுக்கு வெளியிலேயே பிள்ளைகள் முத்தம் கொடுத்துவிடட்டும். சோதனை மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் கையில். ஆண், பெண் தனித்தனி. பெண்களைத் திரைக்குப் பின்னால் சோதிப்பார்கள், சிறு பிள்ளை அம்மாவோடு போகலாம். அப்பா எந்தப் பையை எடுப்பது, அம்மா எந்தப் பிள்ளையை எடுப்பது என்று வரிசைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். அங்கேதான் குடும்பங்கள் பிரிந்து தடுமாறுகின்றன.

தேங்காய் கைப்பையில் கூடாது. எண்ணெய்ப் பசை உள்ள காய், தீப்பிடிக்கும் என்பதால் இந்தியாவில் தடுத்திருக்கிறார்கள். சபரிமலைப் பக்தர்களின் இருமுடிக்கே சீசன் நாட்களில் தனி அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. சூடம், தீப்பெட்டி எதையும் எந்தப் பையிலும் வைக்காதீர்கள். விபூதி, குங்குமம் தாராளமாக.

ஏணைக்கு மாட்டுற ஸ்பிரிங்கைக் கைப்பையில வைக்கலாமா?

அந்தக் கனமான இரும்புச் சுருள் எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரியும், கட்டாயம் பையைத் திறப்பார்கள். பெரிய பெட்டியில் போடுங்கள். தொட்டிலாகக் கட்டும் சாரோங் மட்டும் கையில் இருக்கட்டும், விமானத்தில் போர்த்தவும் உதவும்.

பவர்பேங்க்?

பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 mAh என்று போட்டிருக்கும் சாதாரண பவர்பேங்க் 74 வாட்-மணிதான் வரும்.

பக்கத்து வீட்டு அக்கா, அவங்க தங்கச்சிக்கு ஒரு பொட்டலம் குடுத்துவிடுறாங்க. பிள்ளைகளோட பையில இடம் இருக்கு. வைக்கலாமா?

வைக்காதீர்கள். தோட்டத்தில் கொடுத்துவிடுவது நமக்குப் பழக்கம், மறுத்தால் மனஸ்தாபம் என்பதும் தெரியும். பிரித்துப் பார்க்காத பொட்டலம் எதையும், யாருடையதானாலும், உங்கள் பிள்ளையின் பைக்குள் விடாதீர்கள். உள்ளே என்ன கிடைத்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் பையைக் கொண்டுவந்தவர். கொடுப்பவர் முன்னாலேயே பிரித்து, பார்த்து, நீங்களே திரும்பக் கட்டுங்கள். பிரிக்கச் சம்மதிக்கவில்லையா, வேண்டாம்.

பால் பவுடரை டின்னோட கொண்டு போலாமா?

போகலாம். பால் பற்றி இனிமேல் பதில் இல்லை, எல்லாம் மேலே இருக்கிறது.

ஓர் அம்மா: என் மகனுக்கு ஆட்டிசம். ஆறு வயசு. யாராவது தொட்டா கத்துவான். ஆறு வருஷமா இதுக்குப் பயந்தே எங்கேயும் போகல.

போய் வாருங்கள், அம்மா. கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்றே 'பட்டர்ஃபிளை எஃபெக்ட்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. விமான நிலையத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கூட்டம் குறைந்த நேரத்து விமானமாகப் பாருங்கள். இரும்புப் பித்தானோ ஜிப்போ இல்லாத உடுப்புப் போட்டுவிடுங்கள். வாசல் சத்தம் போடாவிட்டால் தொட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. வரிசையின் தொடக்கத்திலேயே அதிகாரியிடம் இரண்டே வார்த்தை: "ஆட்டிசம், தொட்டால் பயப்படுவான்." சோதிக்க வேண்டி வந்தாலும் நீங்கள் பக்கத்திலேயே இருப்பீர்கள். தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடச் சொல்லுங்கள். சத்தத்தை அடைக்கும் ஹெட்போனை வாசல் வரை போட்டிருக்கட்டும். அட்டைப்பெட்டி விளையாட்டை உங்கள் மகனோடு இரண்டு வாரம் அல்ல, இரண்டு மாதம் விளையாடுங்கள். சந்தேகம் வந்தால் என் வீட்டுக்கே கூட்டி வாருங்கள், நானே அதிகாரியாக நிற்கிறேன்.

ஏழு வயது மகளின் கேள்வி, அம்மா எழுதியது: என் கரடி அந்தப் பெட்டிக்குள்ள போனா அவங்களுக்கு எப்படித் தெரியும்?

உன் கரடியின் பஞ்சு வெளிர் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், கண்ணு. துணி, சாப்பாடு, காகிதம் எல்லாம் ஆரஞ்சு. இரும்பு நீலம். கரடி வயிற்றில் பேட்டரி இருந்தால் நீலமாகத் தெரியும். கரடிக்கு வலிக்காது.

மறுபடியும் ஐயா: அட்டைப்பெட்டி வெட்டி நேத்து ராத்திரி பேரனோட விளையாண்டேன். என்னை நாலு தடவ சோதிச்சுட்டான். மடியில இருந்த வெத்திலைப் பொட்டியையும் பிடிச்சுட்டான். பாக்குவெட்டி கொண்டு போலாமா?

பேரன் சரியாகத்தான் பிடித்திருக்கிறான், ஐயா. பாக்குவெட்டி பெரிய பெட்டியில். சுண்ணாம்பு டப்பா 100 மில்லிக்குள் இருந்தால் அந்த ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள். வெற்றிலையை இங்கேயே போட்டு முடித்துவிடுங்கள், வெளிநாட்டுக்குள் பச்சை இலை கொண்டுபோக வேண்டாம். சீவின பாக்கைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.